அமாவாசையன்று எண்ணிய தெரு

அம்மாடி,

ஞாயிற்றுக்கிழமை நாம் பேசிக்கொண்டிருக்கும்போது போன் கட்டானது அல்லவா, இங்கே சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று நினைத்திருப்பாய். தீரவில்லை. நான்தான் கட் பண்ணினேன். இன்னும் ஒரு நிமிஷம் பேசியிருந்தால் வாயில் என்ன வந்திருக்கும் என்று எனக்கே தெரியாது. "பொண்ணு வேலையில தலையிடாத, அவ படிச்சவ" என்று உங்கப்பா சொல்லிப் பார்த்தார். நீ படித்தவள் என்பதால்தான் இந்தக் கடிதம். படிக்காத ஒருத்தி இதைச் செய்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டு சும்மா இருந்திருப்பேன். உன் ஆபீசில் யார் பிரித்துப் படித்தாலும் படிக்கட்டும், இதில் ஒளித்து வைக்க ஒன்றும் இல்லை. நலம் விசாரிக்கவில்லையே என்று தேடாதே. அதற்கு இப்போது மனசு வரவில்லை.

நீ சொன்னதை உன் வார்த்தையிலேயே எழுதுகிறேன். நான் கூட்டிச் சொன்னதாக நாளைக்கு நீ சொல்லக்கூடாது. "நெசவாளர் தெரும்மா, நம்ம ஊருல இருந்து பஸ்ல ஒன்றரை மணி நேரம். தண்ணி டேங்க் எந்தப் பக்கம் கட்டலாம்னு பாக்கறாங்க, அதுக்கு சாம்பிள் சர்வே. பாதி வீட்டுக்கு மேல பூட்டு. காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க போல. பசங்க ஒரே நாள்ல தெருவை முடிச்சிட்டாங்க. டேட்டா சுத்தமா இருக்கு" என்றாய். குரலில் ஒரு சந்தோஷம். இந்த வருஷம் பிரமோஷன் ஆன பிறகு நீயே கையெழுத்துப் போட்டு அனுப்பப்போகிற முதல் ரிப்போர்ட் இல்லையா, சந்தோஷம் இருக்கத்தான் செய்யும். எந்த நாளில் எடுத்தீர்கள் என்று சும்மாத்தான் கேட்டேன். தேதியைச் சொன்னாய். எதிரே சுவரில் மாதக் காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தேதியின் மூலையில் கறுப்பு வட்டம் இருந்தது. சுத்தம் என்றாயே, நல்ல சுத்தம் போ.

உனக்கு அமாவாசை மறந்துபோனதில் எனக்கு வருத்தம் இல்லை. எட்டு வருஷமாக மெட்ராஸில் இருக்கிறாய், ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைக்கிற வேலையில் இருக்கிறாய், நன்றாக இரு. ஆனால் நீ பிறந்து வளர்ந்த தெருவில் ஞாயிறு என்று ஒன்று கிடையாது என்பதாவது ஞாபகம் இருக்கவேண்டும். தறியில் உட்காருகிறவனுக்கு மாசத்தில் ஒரு நாள்தான் ஓய்வு. அமாவாசையன்று யாரும் தறியில் இறங்கமாட்டார்கள். தறியில் இருக்கிற பட்டுத் துணியை மூடிவைத்துவிட்டு, தலைக்குக் குளித்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். சிலர் மாமியார் வீட்டுக்கு, சிலர் சினிமாவுக்கு, பாதித் தெரு நம் பக்கத்துச் சேத்துப்பட்டு வழியாக பஸ் பிடித்து மலையனூர் அங்காளம்மனுக்கு. அங்கே ராத்திரி அம்மனை ஊஞ்சலில் ஆட்டுவதைப் பார்த்துவிட்டு மறுநாள் காலையில்தான் திரும்புவார்கள். நீயும் என் மடியில் உட்கார்ந்து அந்த பஸ்ஸில் போனவள்தானே. ஜன்னல் சீட்டுக்காக எத்தனை அழுகை.

நீ ஏழாவது படிக்கும்போது நடந்ததை இப்போது முழுசாகச் சொல்கிறேன். அப்போது உனக்குப் பாதிதான் தெரியும். அந்த வருஷம் நம் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். தெருவில் பத்தாவது வரை படித்தவள் நான் ஒருத்திதான் என்று உங்கப்பாவைக் கேட்டுவிட்டு என் பேரைக் கொடுத்தார்கள். என்னிடம் கேட்டது மறுநாள். காட்டின இடத்தில் கையெழுத்துப் போடுவாள் என்று நினைத்திருப்பார்கள், பாவம். ஜெயித்து உள்ளே போனதும் நான் பிடித்துக்கொண்டது தண்ணீரை. தெருமுனை அடிபம்பில் வந்தது உப்புத் தண்ணீர். பருப்பு வேகாது. சாயப்பட்டறைக் கழிவு பூமியில் இறங்குகிற மாசங்களில் அந்தத் தண்ணீருக்கு ஒரு நிறமும் வந்துவிடும். அந்தச் சமயத்தில்தான் ஒரு மேல்நிலைத் தொட்டிக்குப் பணம் வந்தது. ஒரே தொட்டி. நம் வார்டில் கட்டுவதா, வயல்வெளியை மனை போட்டு விற்ற புது நகரில் கட்டுவதா என்று கேள்வி. எங்கே ஜனம் அதிகமோ அங்கே என்று முடிவு செய்தார்கள். அதுவும் நியாயம்தான்.

அரசாங்க ஜனத்தொகைக் கணக்கு பத்து வருஷத்துக்கு ஒருமுறை. கடைசியாக எடுத்த கணக்குக்கும் அன்றைக்கும் நடுவில் ஊரே மாறிப்போயிருந்தது. விசைத்தறி வந்தது, சுற்றுப்பட்டு கிராமங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து குடியேறினார்கள். அதனால் ஒவ்வொரு வார்டிலும் சில வீடுகளை மட்டும் எடுத்து எண்ணி, அதை வைத்து மொத்தத்தைக் கணக்குப் போடலாம் என்று அதிகாரி சொன்னபோது முதலில் தலையாட்டியவள் நான்தான். இப்போதும் அது தப்பு என்று சொல்லமாட்டேன். சாயப்பட்டறையில் தொட்டி முழுக்க நூலை இறக்குவதற்கு முன்னால் கொஞ்சம் நூலை நனைத்துத்தானே பார்க்கிறார்கள். ஆனால் தொட்டியை அடிவரை கலக்கிவிட்டு நனைக்கவேண்டும். மேலாக நனைத்துப் பார்த்துவிட்டு இதுதான் நிறம் என்று சொல்கிறவனைப் பட்டறையில் ஒரு நாள்கூட வைத்திருக்கமாட்டார்கள். ஆபீசில் வைத்திருப்பார்கள் போல.

என்றைக்கு எண்ண வருவார்கள் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. வார்டு மெம்பரிடம் சொன்னால் ஆட்களைக் கூட்டிவைத்துவிடுவாள் என்று பயமாம். நாங்கள் மலையனூர் போய்விட்டுத் திரும்பி வந்த காலையில் எதிர்வீட்டு செல்விதான் சொன்னாள். அவள் அப்போது நிறைமாசம், பஸ்ஸில் போகக்கூடாது என்று வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். "ரெண்டு பசங்க வந்தாங்கக்கா. கதவைத் தட்டிகினே போனாங்க. வெயில்ல ரொம்பப் பேஜாராயிட்டானுங்க, பாவம். 'இந்த வீட்டுல யாரும் இல்லியாம்மா'ன்னாங்க. 'இல்லீங்க'ன்னேன். 'அந்த வீட்டுல'ன்னாங்க. 'அங்கியும் இல்லீங்க'ன்னேன். எழுதிகினு ஜல்தியாப் போயிட்டாங்க." "அமாவாசை, ஊரே வெளிய போயிருக்குதுன்னு சொல்றதுக்கு என்னாடி உனுக்கு" என்று கத்தினேன். "அவங்க கேக்கலியேக்கா" என்றாள். அவள் மேல் என்ன தப்பு. யாரும் இல்லீங்க என்றால் இந்த நேரத்தில் இல்லை என்று நமக்கு அர்த்தம். அவர்களுக்கு, அந்த வீட்டில் குடித்தனமே இல்லை என்று அர்த்தம். எப்போது வருவார்கள் என்று ஒரே ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டிருந்தால் போதும். அதுவும் அவர்கள் தட்டிய ஒவ்வொரு கதவும் ஒரு வீடு இல்லையே. நீதானே பிற்பாடு எனக்குச் சொல்லிக்கொடுத்தாய், ஒரு வீட்டைத் தொட்டால் அதற்குப் பின்னால் இருபது முப்பது வீடு நிற்கிறது என்று. ஒரு கதவில் காலி என்று எழுதினால் அத்தனை வீட்டையும் சேர்த்துத்தான் காலி செய்கிறான்.

அடுத்த கூட்டத்தில் கணக்கைப் படித்தார்கள். நம் வார்டு பாதியாகக் குறைந்துபோயிருந்தது. அதைவிட எனக்கு ஆறாத விஷயம், அந்த அதிகாரி எண்ணுக்கு ஏற்ற கதையையும் தயாராக வைத்திருந்தார். "பட்டு நெசவுல வருமானம் போதலை, ஜனங்க பெங்களூர், திருப்பூர்னு பிழைக்கப் போயிட்டாங்க, அதைத்தான் இது காட்டுது" என்றார். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டினார்கள். தறிச் சத்தம் கேட்கிற தூரத்தில் உட்கார்ந்துகொண்டு அந்தத் தறியில் ஆளில்லை என்று உச்சுக்கொட்டினார்கள். நான் எழுந்து நின்றேன். "சார், அமாவாசையில எண்ணிகினு வந்திருக்கீங்க, அது செல்லாது" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஏம்மா, நல்ல நாள், நேரமெல்லாம் பாத்துதான் தலையை எண்ணணுமா? ராகுகாலம், எமகண்டம் ஏதாவது இருந்தா அதையும் சொல்லிடுங்க." கூட்டமே சிரித்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்னொரு பெண் மெம்பர்கூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நான் மூடநம்பிக்கை பேசுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். நெசவாளிக்கு அன்றைக்கு லீவு என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த தீர்மானத்துக்குப் போய்விட்டார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. பட்டு நெய்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு அமாவாசை என்றால் என்ன என்று தெரியாத மனுஷன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

நான் விடவில்லை. மனு மேல் மனு போட்டு, மறுபடி எண்ண ஒத்துக்கொள்ள வைத்தேன். இந்தத் தடவை தறி ஓடுகிற நாளில் வந்தார்கள். வந்து என்ன, நம் ஜனங்கள் சும்மா இருந்தார்களா. தறி எத்தனை என்று கேட்டால் வரி போடுவான் என்று ஒன்றைக் குறைத்தார்கள். ஆள் எத்தனை என்று கேட்டால் அரிசி கொடுப்பான் என்று இரண்டைக் கூட்டினார்கள். செல்வியின் மாமியார், வெம்பாக்கத்தில் கட்டிக்கொடுத்து மூன்று பிள்ளை பெற்ற மகளையும் பேரப்பிள்ளைகளையும் சேர்த்துச் சொல்லிவிட்டு, "எம்பொண்ணு எங்க இருந்தாலும் எம்பொண்ணுதாங்க" என்றாளாம். எதற்காகக் கேட்கிறோம் என்று அந்தப் பையன்களும் யாருக்கும் சொல்லவில்லை. இரண்டு கணக்கும் ஏணி வைத்தாலும் எட்டாத தூரத்தில் நின்றன. "உங்க ஆளுங்க வாயில நிஜம் வராதும்மா, முதல் கணக்கே இருக்கட்டும்" என்று அதிகாரி முடித்துவிட்டார். அன்றைக்குத் தெருவில் நின்று நான் போட்ட சத்தத்தில் தறிகள் நின்றன. யாரைத் திட்டுவது என்றே தெரியாமல் எல்லாரையும் திட்டினேன்.

தொட்டி அந்தப் புது நகரில் எழும்பியது. நீலப் பெயிண்ட் அடித்து, நம் மாடிப்படியிலிருந்து பார்த்தாலே தெரிகிற உயரத்தில் நின்றது. அதன் பிறகு நடந்தது உனக்கே தெரியும். செல்வி பிரசவமான உடம்போடு ரோட்டைத் தாண்டிப் போய் நகர் குழாயில் குடத்தை வைப்பாள், அவளுக்குத் துணையாக நீ போவாய். ஸ்கூலுக்குத் தினமும் லேட். ஒருநாள் நீ வெறும் குடத்தோடு திரும்பி வந்தாய். குழாயடியில் ஒரு அம்மா, "எந்தத் தெரு நீ? அங்கதான் ஆளே இல்லைன்னு டேங்க்கை இங்க கட்டியிருக்காங்களே" என்று குடத்தை நகர்த்திவிட்டாளாம். நீ அழவில்லை. குடத்தை வாசலில் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைக் கேட்டாய், "நம்ம தெருவுல ஆளே இல்லைன்னா, அப்போ நான் யாரும்மா?" நான் அந்தக் குடத்தையே எடுத்துக்கொண்டு போனேன். சமையலுக்கு அடிபம்பில் அடித்துக்கொண்டு வந்தேன்.

இரண்டொரு வருஷம் கழித்து நிஜமான ஜனத்தொகைக் கணக்கு எடுத்தார்கள். வீட்டு வீட்டுக்கு வந்தார்கள், பூட்டியிருந்த வீட்டுக்குத் திரும்பவும் வந்தார்கள். நகரைவிட நம் வார்டில்தான் ஜனம் அதிகம் என்று அதில் வந்தது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். பழைய அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார். புதியவர் மரியாதையாக உட்காரவைத்து, டீ சொல்லி, "நீங்க சொல்றது கரெக்டும்மா, ஆனா கட்டின டேங்க்கை நகத்த முடியாதே" என்றார். அது போகட்டும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. நீ பன்னிரண்டாவது முடித்துவிட்டு, எல்லாரும் கம்ப்யூட்டர் படி, டீச்சருக்குப் படி என்று சொன்னபோது புள்ளியியல்தான் படிப்பேன் என்று பிடிவாதம் பிடித்தாயே, உங்கப்பாவுக்கு அது என்ன படிப்பு என்றே புரியவில்லை. எனக்குப் புரிந்தது. நான் கழுத்தில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தது அதற்காகத்தான். எண்ணுகிற இடத்தில் நம் வீட்டு ஆள் ஒருத்தி இருக்கட்டும் என்று நினைத்தேன்.

இப்போது தெரிகிறதா, நான் ஏன் போனைக் கட் பண்ணினேன் என்று. எந்தப் பையன்கள் என் தெருவை அழித்தார்களோ அதே வேலையை இன்னொரு தெருவுக்கு நீ உன் பையன்களை விட்டுச் செய்திருக்கிறாய். கூடவே அந்த அதிகாரி சொன்ன அதே கதை, காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க போல. ரூலில் இடம் இருக்கிறது என்று சொல்லாதே. அவரும் ரூல்படிதான் செய்தார். மெட்ராஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கூட்டல் சரியா என்று பார்ப்பதற்கா நீ படித்தாய்? பூட்டியிருந்தால் பூட்டு என்று எழுதச் சொல், காலி என்று எழுதச் சொல்லாதே. எந்த நாள், எந்த வேளையில் தட்டினார்கள் என்று எழுதச் சொல். ரேஷன் கடையில் கேள், பள்ளிக்கூடத்தில் கேள், பால்காரனைக் கேள், அவர்கள் சொல்வதும் உன் எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பார். ஒத்துப்போகவில்லை என்றால் எனக்கு உறுதியாகத் தெரியவில்லை என்று ரிப்போர்ட்டிலேயே எழுது. தெரியாது என்று எழுதுவதில் உனக்கு என்ன கௌரவக் குறைச்சல்? உன்னை வேலையை விட்டா எடுத்துவிடுவார்கள்? எடுத்தால் எடுக்கட்டும், இங்கே வந்து இரு, சோறு போடுகிறேன்.

கோபத்தில் எழுதியவள் கோபத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. நேற்று அந்தத் தெருவுக்கே போய்விட்டேன். உங்கப்பாவிடம் செய்யாரில் ஒரு விசேஷம் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். தெருவுக்குள் திரும்பும்போதே தறிச் சத்தம் கேட்டது. கதவெல்லாம் திறந்திருந்தது. ஒரு வாசலில் நின்று தண்ணீர் கேட்டேன். உன் வயசுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. தறியிலிருந்து எழுந்து வந்து சொம்பில் கொடுத்தாள். வாயில் வைத்ததும் தெரிந்தது, நம் அடிபம்புத் தண்ணீர் ருசி. முகம் மாறியிருக்கவேண்டும் எனக்கு. "உப்புதாங்க. டேங்க் வரப்போகுதுன்னு சொல்றாங்க, வந்தா நல்லாயிடும்" என்றாள். போன அமாவாசைக்கு யாராவது கணக்கெடுக்க வந்தார்களா என்று கேட்டேன். "வந்தாங்கன்னு சொன்னாங்க. நாங்க மலையனூர் போயிருந்தோம். திரும்ப வருவாங்கன்னு பாத்துகினு இருக்கோம்" என்றாள். உன் பையன்கள் திரும்ப வருவார்கள் என்று அந்தத் தெரு காத்துக்கொண்டிருக்கிறது.

நானும் ஒரே ஒரு நாள் போய், ஒரே ஒரு தெருவைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அதனால் என் பேச்சையும் அப்படியே நம்பிவிடாதே. வெள்ளிக்கிழமை அந்த ரிப்போர்ட்டை அனுப்பவேண்டும் என்றாய். அதற்குள் ஒரு நாள் நீயே போ. அந்தப் பெண் என்னை, "யாரைப் பாக்க வந்தீங்க, எந்த ஊருங்க" என்று கேட்டாள். நீ இந்த வீட்டில் இல்லை என்று என் மகள் எழுதி வைத்திருக்கிறாள், அதைப் பார்க்க வந்தேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்? "எம்பொண்ணு கணக்கெடுக்கற ஆபீஸ்ல இருக்கா. இந்த வாரம் வருவா. வந்தா அவளுக்கும் ஒரு சொம்பு தண்ணி குடும்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன். "கண்டிப்பாங்க" என்றாள். தெருவில் நுழைந்து இடதுபக்கம் மூன்றாவது வீடு, பச்சைக் கதவு. உங்கள் தாளில் அதுவும் காலி வீடாக இருக்கிறதா என்று எடுத்துப் பார். பிறகு போய் அந்தக் கதவைத் தட்டு, அவள் கொடுக்கிறதைக் கடைசி வாய் வரை குடி. அதற்கப்புறம் கையெழுத்துப் போடுவதானால் போடு.

உன் அம்மா